அருவிக்கரையில் கேட்ட அனுமதி

குற்றாலத்து அருவிக்கரையில் அன்று இருந்தவர்கள்: இலங்கைக் கப்பலுக்கு அனுமதி கொடுக்கும் ஆபீசர், அவருடைய டவாலிச் சேவகன், என்னோடு எண்ணெய் தேய்க்கும் சுடலை, நான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மாசமாயிருந்த என் மனைவியை விட்டுவிட்டு, அப்பா சாவுக்குத் தென்காசி வந்தேன். வந்த இடத்தில், கூலி வேலைக்கு இனி யாரும் இலங்கை போகக்கூடாது என்று சர்க்கார் தடை போட்டுவிட்டது. நான் இங்கே மாட்டிக்கொண்ட பிறகு அங்கே மகன் பிறந்தான். வயிற்றுப்பாட்டுக்கு, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கப் போனேன்.

ஆபீசர் சாரலுக்குக் குளிக்க வந்திருந்தார். கழுத்தைப் பிடித்துவிட்டபடியே விஷயத்தைச் சொல்லி, கப்பல் ஏற அனுமதி கேட்டேன்.

"ஏலே, கண்ணுல எண்ணெய விட்டுட்டா மனுக் குடுக்குத?" என்று சுடலை கிண்டல் செய்தான்.

ஆபீசர் சிரிக்கவில்லை. "உத்தரவு மேலேருந்து வருதுப்பா. நான் என்ன செய்ய?" என்றார்.

"பிள்ள மொகத்த இன்னும் பாக்கல, எசமான்."

அதுவரை இளகியிருந்த அவர் கழுத்து என் விரலுக்கு அடியில் கட்டையாக இறுகியது. நெஞ்சில் ஈரமில்லாத மனுஷனுக்கு அப்படி இறுகாது. அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. மறுபடி கேட்கவில்லை. கழுத்து இளகும்வரை தேய்த்து அருவிக்கு அனுப்பினேன்.

முடியாது என்று சொல்கிறவருக்கும் அது பாரம்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தடை தளர்ந்த பிறகுதான் கப்பல் ஏறினேன். மகன் என்னைக் கண்டு பயந்து அம்மா பின்னால் ஒளிந்தான்.

அவனுக்கு வயது நான்கு.