பக்கத்து மேசைக்காரரின் குடியரசு

சீனாவில் பேரரசரை இறக்கிவிட்டுக் குடியரசு வந்த புதிதில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரர் பேரரசர் காலத்துத் தலைப்பின்னலை அறுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சீனர், என்னைப் போலவே குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி. எந்தக் காகிதத்தை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தினமும் என்னைக் கேட்பவர். அவருக்கு இனி ஓட்டு உண்டாம். அங்கே சட்டசபைக்குத் தேர்தல், புதுப்புதுக் கட்சிகள். கடல் கடந்த சீனர்களும் பிரதிநிதி அனுப்பலாமாம். அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

முன்மொழிவது, வழிமொழிவது, கூட்டத்துக்கு எத்தனை தலை வேண்டும், திருத்தத்துக்குத் திருத்தம் எல்லாம் எனக்கு மனப்பாடம். என்ன பயன்? என்னை ஆண்ட வெள்ளைக்காரர்கள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை.

கிள்ளானில் இரண்டு சீனக் கட்சிகளின் ஆட்களும் கூடி அப்படி ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. போட்டி, என் பக்கத்து மேசைக்காரருக்கும் ஈய வியாபார முதலாளியான ஒரு தவுக்கேவுக்கும். ஒருவர் ஓட்டுப் பெட்டியைத் தொட்டால் மற்றவர் நம்பமாட்டார்.

“கிராணி, நீங்க வந்து நடத்திக் குடுங்க. உங்களுக்கு இதில ஒண்ணுமில்லையே, எல்லாரும் நம்புவாங்க” என்றார் என் மேசை நண்பர், மலாயும் இங்கிலீஷும் கலந்த எங்கள் வழக்கமான பாஷையில்.

ஒன்றுமில்லை என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

கூட்டத் தலைவனாகப் போனேன். கோப்பிக் கடை மாடி. விதிகளை நானே படித்துக் காட்டினேன். ஓட்டுகள் சமமானால் தலைவருக்கு ஓர் ஓட்டு என்பது உட்பட. கோப்பி கலக்குகிறவர்கூட மேலே வந்து, பனியனில் கையைத் துடைத்துவிட்டுச் சீட்டைப் போட்டார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணினோம். சமம்.

“என்ன முழிக்கிறீங்க? உங்க ஓட்டுலா!” என்றார் நண்பர்.

என் கை சீட்டை எடுத்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஓர் ஓட்டு, அதையும் இவருக்கா போடுவது என்று எரிந்தது. தவுக்கேவுக்குப் போட்டால் என்ன?

தவுக்கே சிரித்தார். “நல்லா இருக்கே! எங்க வீட்டு மாப்பிள்ளைய அடுத்த வீட்டுக்காரர் முடிவு பண்றதா? இவர் எந்த ஊர் வாக்காளர்?”

ஆட்சேபம் சரியானது. உறுப்பினராக இல்லாத தலைவருக்கு ஓட்டு கிடையாது. அந்த அறையில் அதை நிச்சயமாக அறிந்தவன் நான் ஒருவனே. பேசாமல் இருந்திருக்கலாம். “ஆட்சேபம் ஏற்கப்படுகிறது” என்று என் வாயாலேயே சொன்னேன்.

இரண்டு பெயர்களை எழுதி ஒரு தேநீர்க் குவளையில் போட்டார்கள். குலுக்கும் வேலை மட்டும் எனக்கு. நண்பர் பெயர் வந்தது. என்னைக் கட்டிப்பிடித்து, “எல்லாம் உங்களாலதான், கிராணி!” என்றார்.

என்னால் இல்லை. அந்த ஓட்டைப் போட்டது குவளை. ஓய்வூதியம் வாங்குகிற இன்றுவரை, அந்தக் குவளையைவிட எனக்கு ஓர் ஓட்டு குறைவு.