ரத்த அழுத்தத்துக்கு ஒரு யானை

நிருபர் வேலையில் செய்தி கிடைக்காத நாள் உண்டு, "என் செய்தி ஏன் வரவில்லை?" என்று சண்டைக்கு ஆள் கிடைக்காத நாள் கிடையாது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் நான் காஞ்சிபுரத்தில் ஒரு நாளிதழின் நிருபர். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை அலுவலகம். ஒரு மேசை, ஒரு ஃபேக்ஸ் மெஷின், புகார்க்காரர்களுக்கு ஒரு பெஞ்சு. பிரஷர் ஏறி, "மனசை லேசா வெச்சுக்குங்க" என்ற அறிவுரையோடு வீடு திரும்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாம் எல்லோரும் ஒரே வார்டு.

மருந்துச் சீட்டோடு ஒரு ஜெராக்ஸ்

நகராட்சிக் கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றி நாற்காலியோடு சாய்ந்தேன். விஷயம் சென்னை அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஒரு மாதத்தில் பிரஷர் இறங்கியதாக டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர் சுற்றும் வேலை கிடையாது, சென்னைக்கு வந்து மேசையில் உட்கார்ந்து அடுத்தவன் எழுதியதைத் திருத்த வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டார்கள். என் மனைவிக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. எனக்கோ இந்த ஊரின் சண்டைகளைத் தவிர வேறெதுவும் எழுதத் தெரியாது.

டாக்டர் இளைஞர், வெளியூர்க்காரர். மாத்திரை எழுதியதோடு ஒரு ஜெராக்ஸ் தாளையும் நீட்டினார். நேருக்கு நேர் பார்க்கும் ஒரு யானை முகம். காதெல்லாம் கொடி, துதிக்கை முழுக்க மாங்காய், கன்னத்தில் கட்டம். நகம் அளவுக்குக்கூட வெற்றிடம் இல்லை. கலர் பென்சிலால் நிரப்ப வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "தினம் அரை மணி நேரம் கலர் அடிங்க சார். இதைவிட நிம்மதியான வேலை உலகத்துலயே கிடையாது."

உடம்பும் பார்டரும்

மறுநாளே அலுவலகத்தில் ஆரம்பித்தேன். காதை நீலத்தில் நிரப்பி, காதின் ஓரத்தையும் அதே நீலத்தில் இழுத்துக்கொண்டிருந்தேன். ஐயம்பேட்டையிலிருந்து நெசவாளர் சம்பந்தம் வந்தார். பட்டு நூல் விலை ஏற்றத்தைப் பற்றிப் போன வாரம் அவர் கொடுத்த செய்தி வரவில்லை. அதைக் கேட்க வாயைத் திறந்தவர், தாளைப் பார்த்ததும் நூல் விலையை மறந்துவிட்டார்.

இந்த ஊரில் சேலைக்கு உடம்பு ஒரு நிறம் என்றால் பார்டர் வேறு நிறம். இரண்டையும் தனித்தனியாக நெய்து கோப்பதில்தான் ஊருக்கே பேர். யானைக்கு அந்தச் சட்டம் கிடையாது என்றேன். அவர் காதில் விழவில்லை. பென்சில் டப்பாவைக் கவிழ்த்து அரக்கு எங்கே, மாந்துளிர் எங்கே என்று தேடினார். பன்னிரண்டு பென்சில் டப்பாவில் மாந்துளிருக்கு எங்கே போவது? கடைசியில் நீலத்தின் மேல் பச்சையைத் தேய்த்து மயில்கழுத்து நிறம் வரவழைத்து, என் யானையின் ஒரு காதைத் தானே முடித்துவிட்டு எழுந்தார். "ஒரே கலரப் போட்டுக்கினு குந்திக்கிறியே சார், இத்த எவன் வாங்குவான்?"

நெற்றி

அந்த வாரக் கடைசியில் சின்ன காஞ்சிபுரத்து ராகவாச்சாரி வந்தார். ஓய்வு பெற்ற சமஸ்கிருத வாத்தியார். தெருச் சாக்கடையைப் பற்றி மாதம் ஒரு புகார் தருவார். யானையின் நெற்றி நடுவே ஒரு நீளமான வளைவு இருந்தது. வரைந்தவன் எந்த நாட்டுக்காரனோ, ஏதோ பூவிதழ் என்று நினைத்து வரைந்திருப்பான். நானும் அதை வெள்ளையாக விட்டு, நடுவில் சிவப்பு இழுத்திருந்தேன். என்னை யார் இழுக்கச் சொன்னது?

கோயில் யானை நெற்றியில் நாமம் பாதத்தோடு இருக்க வேண்டுமா, பாதம் இல்லாமலா என்பது அந்தப் பக்கத்தில் தென்கலைக்கும் வடகலைக்கும் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழக்கு. ராகவாச்சாரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வளைவின் அடியைக் குனிந்து ஆராய்ந்தார். அவசரமாக மஞ்சள் பென்சிலை எடுத்து அதன் மேலேயே ஒரு சூரியகாந்தி போட்டேன். மூடி மறைக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம் வலுத்துவிட்டது. சாக்கடை அன்றைக்குப் பேச்சிலேயே வரவில்லை. படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார். "யானை கிடக்கட்டும் ஓய், நீர் எந்தப் பக்கம்? அதைச் சொல்லும்!"

அன்று மாலை பிரஷர் பார்த்தேன். முதல் நாளைவிட ஏறியிருந்தது.

சக தொழிலாளி

போட்டிப் பத்திரிகை நிருபர் பாஸ்கர் டீ குடிக்க வருவான். எனக்கு ஆறுதல் சொல்லக்கூடிய ஒரே ஆள் என்று நம்பி, யானையைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எதுக்கு மாமு இவ்ளோ கலரு? நம்ம ரெண்டு பேப்பர்லயும் கறுப்பு வெள்ளையிலதான வரும்?"

பெஞ்சில் இருவர்

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. அன்று நகராட்சித் தலைவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆறு மணிக்குள் செய்தியை ஃபேக்ஸில் அனுப்பியாக வேண்டும். எழுத உட்கார்ந்த நேரத்தில் சம்பந்தமும் ராகவாச்சாரியும் ஒருவர் பின் ஒருவராகப் படியேறி வந்தார்கள். காதுக்குள் ரத்தம் இரைவது எனக்கே கேட்டது. யானையையும் பென்சில் டப்பாவையும் பெஞ்சில் இருவருக்கும் நடுவே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"துதிக்கைக்கு அரக்கா? யானைக்கு ஜன்னி கண்டா மாதிரி இருக்கும்யா!"

"நீ நெத்தியப் பாத்துக்க சாமி, துதிக்கை என் சைடு."

"நெத்தியில என்ன இருக்கு பாக்க? சூரியகாந்தி! இவரை நம்பித்தான் ஊர் பேப்பர் வாங்கறது."

என்னை யாரும் கூப்பிடவில்லை. செய்தியை முழுசாக எழுதி, ஆறு மணிக்குள் அனுப்பி, டீயும் குடித்துவிட்டு வந்தேன். சண்டை கன்னத்துக் கட்டங்களுக்கு வந்திருந்தது. மறுநாளும் இருவரும் வந்தார்கள். நூல் விலையும் கேட்கவில்லை, சாக்கடையும் கேட்கவில்லை. டாக்டரிடம் நிரப்பாத தாள் ஒன்று கேட்டு வாங்கி, நான் புதிதாக ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். ஒரு நாள், மரியாதைக்காக, நானும் ஒரு பென்சிலை எடுக்கப் போனேன். சம்பந்தம் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீ போய் ஒன் வேலயப் பாரு சார். இத்த நாங்க பாத்துக்கறோம்."

சான்றிதழ்

மாதக் கடைசியில் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஒரு முறை பார்த்தார். நம்பாமல் மறுபடி அடித்துப் பார்த்தார். பிறகு, ஊரிலேயே வேலை செய்யலாம் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முகமெல்லாம் பெருமை. "பாத்தீங்களா சார்? அன்னிக்கு சிரிச்சீங்களே! உங்க கையால கலர் அடிச்சதுதான் உங்களைக் காப்பாத்திருக்கு."

என் பிரஷர் இறங்கியதென்னவோ நிஜம். அது எந்த இரண்டு பேர் தலையில் போய் ஏறிக்கொண்டது என்பதை மட்டும் நான் செய்தியாக அனுப்பவில்லை.