விவேக் வெறுங்கையோடு வந்த சனிக்கிழமை

ஜெனிபர் மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் அரசு நர்ஸ். தூத்துக்குடிக்காரி. வந்து ஆறே மாதத்தில் மலை அவளுக்கு அடியோடு பிடித்துப் போயிற்று. கணவன் விவேக்குக்குத்தான் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை, எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம். ஆனாலும் ஐந்து வயது மகள் மோனிஷாவோடு தூத்துக்குடியை விட்டு நகர மாட்டேன் என்றான். "அங்க மனுஷன் என்னத்தத் திம்பான்?"

மாதாமாதம் மூட்டை நிறையக் காய்கறியோடு பஸ் ஏறுவான். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் தக்காளி ரசமாகியிருக்கும். இப்போது பள்ளி திறக்கப் போகிறது. திங்கட்கிழமை அவள் தூத்துக்குடிக்கே மாறுதல் கேட்டு எழுதித் தர வேண்டுமாம், விவேக்கின் கட்டளை.

"இந்தத் தடவ வெறுங்கையோட வாங்க. சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க," என்று போனில் சவால் விட்டாள். அவனுக்குப் பிடிக்காவிட்டால் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். பிள்ளையைப் பிரிந்து இனி ஒரு மாதம்கூட அவளால் முடியாது.

சனிக்கிழமை காலை சோளக்காடு சந்தையில் கேரட்டும் காலிபிளவரும் தேடினாள். எங்கே பார்த்தாலும் பலாதான்.

"சுளை கால் கிலோ குடுங்க."

பலா விற்ற சின்னக்கண்ணு சிரித்தே விட்டார். "ஏனுங்க நர்ஸம்மா, சீசன்ல ஆராச்சும் சுளையா வாங்குவாங்களா? எப்பச் சாப்புடோணும், அதச் சொல்லுங்க."

"இன்னைக்கு மத்தியானம்."

ஒவ்வொன்றாகத் தட்டினார், முகர்ந்தார். அவள் ஆசையாகத் தொட்ட பெரிய பழத்தை, "இது திங்கக்கெழமப் பழமுங்க," என்று ஒதுக்கிவிட்டு, சப்பையான ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். "கையில எண்ணெய் தடவிக்கிட்டு அறு கண்ணு."

அவசரத்தில் எண்ணெய் மறந்தது. அப்பாவும் மகளும் உள்ளே நுழைந்தபோது, ஜெனிபரின் பத்து விரலும் பிசினில் ஒட்டி, கத்தி கையை விட்டு வர மாட்டேன் என்றது. விவேக் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவளுக்கு விரல் விரலாக எண்ணெய் தேய்த்துவிட்டு, பழத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முதல் சுளையைத் தின்றவன் அடுத்தடுத்து உரித்துக்கொண்டே இருந்தான். மோனிஷாவின் கவுன் முழுக்கப் பலாச்சாறு.

இரவுச் சாப்பாட்டுக்குச் சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும். தட்டை வழித்துவிட்டு விவேக் கேட்டான்.

"இந்தப் பலா எத்தன மாசம் கிடைக்கும்?"

"ஆடியோட சரியாம்."

"அதுக்கப்புறம்?"

"கார்த்திகையில ஆரஞ்சு வருமாம். நானே இன்னும் தின்னதில்ல."

அவன் கை கழுவ எழுந்தான்.

"அப்போ இவள இங்கயே ஒண்ணாங்கிளாஸ் சேத்துருவோம். ஆரஞ்சு வரும்போது நாம இருக்கணும்லா?"