அம்மா சொன்னதும் அவர் எழுதியதும்

பேராசிரியருக்குப் பதுளையில் பாராட்டு விழா என்று அழைப்பிதழ் வந்தபோது கிழித்துப் போடத்தான் போனேன். மலையகப் பெண்களின் மௌனத்தை உலகுக்குச் சொன்ன சமூகவியல் அறிஞர் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். அந்த மௌனப் பெண் என் அம்மா. அம்மாவை ஒருநாளாவது பார்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேராசிரியர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது இளம் விரிவுரையாளர். தமிழர்தான், ஆனால் கொழும்பில் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் விளங்கும். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். அவர் ஒலிநாடாவில் பதிந்ததைத் தமிழில் எழுதி, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் பெயர்ப்பது என் வேலை. பெரகலயில் கொப்பி வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். நல்ல எழுத்தில் பிரதியெடுத்து அவரிடம் கொடுத்துவிடுவேன். முதலில் எழுதியவை என்னிடமே இருந்தன.

லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டு வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார். அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார். அந்த ‘அக்கா’ என்ற சொல்லுக்கு நான் மயங்கிப்போனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அம்மா அவரிடம் சொன்னது இதுதான். ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது. வழக்கம்போல் வேலைக்குப் போகச் சொன்னார் தோட்ட நிர்வாகியான துரை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலேயே அம்மாவும் பதினொரு பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். "எங்க புள்ளைங்கள ஸ்கூல் கட்டடத்துல கொண்டுபோய் வைக்கிற வரைக்கும் ஒரு கொழுந்து கிள்ள மாட்டோம்" என்றார் அம்மா. இரண்டு நாள் மழையில் நனைந்தார்கள். கங்காணி திட்டினார், கணவன்மாரும் திட்டினார்கள். மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூடத்தைத் திறந்து எல்லாரையும் அங்கே மாற்றினார்கள். அன்று பகலிலேயே மண் சரிந்து லயத்தில் நாலு வீட்டுக் காம்பராவைக் கொண்டுபோனது. ஒரு உயிரும் போகவில்லை.

ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்து நூலகத்தில்தான் அவருடைய புத்தகத்தைப் பார்த்தேன். அம்மா வேறொரு பெயரில் இருந்தார். மழை இருந்தது, மண்சரிவு இருந்தது. அந்த இரண்டு நாளும் இல்லை. விதியே என்று காத்திருந்த பெண்களை நிர்வாகம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியதாம். இன்னோர் இடத்தில், இந்தச் சனங்கள் லயத்தை விட்டுப் போக விரும்புவதில்லை என்றிருந்தது. அம்மா சொன்னது, "பக்கத்து வீட்டாளுங்கள விட்டுட்டுப் போக மனசு வராதுங்க. ஆனா வீடு குடுத்தா நாளைக்கே போவோம்." முதல் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை எறிந்துவிட்டார்.

அந்தப் புத்தகத்தால் அவர் பேராசிரியரானார். தோட்ட வீடமைப்புக் குழுக்களில் ஆலோசகராக உட்கார்ந்தார். வீட்டுக்கு நிலம் கேட்டு என் தம்பி ஓர் அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்தவர் சொன்னாராம்: "நீங்க லயத்த விட்டு வரமாட்டீங்கன்னு ஆராய்ச்சியே இருக்கே." அன்றிலிருந்து பேராசிரியரின் பெயரைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும்.

"கிழிக்காத. வா, போவோம்," என்று என் கையிலிருந்த அழைப்பிதழை வாங்கிக்கொண்டார் அம்மா.

மண்டபத்தில் கேள்வி நேரம் வந்ததும் அம்மா எழுந்து நின்றார். "ஐயா, ஒங்க புஸ்தகத்துல வர்ற பொம்பள நான்தாங்க. நாங்க ரெண்டு நாள் களத்துல குந்துனமே, அத ஏங்க எழுதல?"

அவருக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. புன்னகையோடு, "மன்னிக்கணும் அம்மா. மொழிபெயர்ப்பில் விடுபட்டிருக்கலாம். அப்போது உதவிக்கு இருந்தது ஒரு சின்னப் பெண்" என்றார்.

"அந்தச் சின்னப் பொண்ணு நான்தான் சார்," என்று எழுந்தேன். அந்தப் பழைய கொப்பியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கொப்பியைத் திறந்து தமிழையும் ஆங்கிலத்தையும் வரிக்கு வரி வாசித்தேன். நேரமில்லை என்று ஒலிவாங்கியைப் பிடுங்கினார் அமைப்பாளர். நான் கத்தி வாசித்தேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, "அதை நான் பார்க்கலாமா?" என்று கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "அம்மா இங்கதானே நிக்கிறாங்க. அவங்களக் கேளுங்க," என்றேன். அவர் கேட்கவில்லை. அவருக்குப் பொன்னாடையைப் போர்த்தினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த பதிப்பில் திருத்துவதாக ஆளனுப்பிச் சொன்னார். பதிப்பும் வந்தது. சிறிய எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: உதவியாளர் ஒருவரின் நினைவு இதிலிருந்து வேறுபடுகிறது. நினைவாம்! அவர் கண்ணெதிரே நான் வாசித்த கொப்பி அவருக்கு நினைவாகிவிட்டது. தம்பி குடும்பம் இன்னும் லயத்தில்தான் இருக்கிறது.

அன்று மண்டபத்தில் இருந்த இரண்டு மாணவிகள் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பேச அம்மா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. எழுதியதை வாசித்துக் காட்டாமல் யாரும் வாசல் தாண்டக் கூடாது. மூன்று மணிநேரம் பேசினார். ஒருத்தி தயங்கித் தயங்கி வாசித்தாள்: "பெண்கள் நிர்வாகத்திடம் கோரிக்கை விடுத்தனர்…"

"அத வெட்டு," என்றார் அம்மா. "சண்ட போட்டோம்னு எழுது."

அவள் வெட்டினாள்.