கடலைப் பொட்டலத்தில் போன ஏழு கைக்காரி

என் ஓர்ப்படி ஜீவா கதை எழுதுகிறவள். மாமியார் மருமகள் சண்டைக் கதை இல்லை. பூதம், பறக்கும் ஆமை, ஏரிக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம், இந்த மாதிரி. அதில் ஒரு பூதத்துக்கு என் சாயல் இருக்கிறது என்று அவள் மகளே வந்து என்னிடம் சொன்ன அன்றுதான் வம்பு ஆரம்பித்தது. அந்த வம்புக்கு முன்னால் ஜீவாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நேராகத்தான் சொல்வேன், எனக்கு மழுப்பத் தெரியாது.

அயனம்பாக்கத்தில் ஒரே காம்பவுண்டில் எங்களுக்கு இரண்டு வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரர் அழகேசனும். மாடியில் அவர் தம்பி, தம்பி பெண்டாட்டி ஜீவா, அவர்கள் மகள் கனிமொழி. மாமனார் காலத்தில் இந்தக் குடும்பம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டது. இப்போது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. வெள்ளானூரிலிருந்து ஜீவா கல்யாணமாகி வந்தபோது சீர் சாமானோடு ஒரு கோணி மூட்டையும் வந்தது. நான் அரிசி என்று நினைத்து அதைச் சமையல்கட்டில் இறக்கச் சொன்னேன். பிரித்தால் அத்தனையும் புத்தகம்.

அப்படி ஒரு படிப்புப் பைத்தியத்தை நான் பார்த்ததில்லை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் புத்தகம். குழம்பு அடிப்பிடித்து நாற்றம் எனக்குக் கீழே வரும், அவளுக்கு வராது. மிளகு சீரகம் கட்டி வந்த தாளைக்கூட இரண்டு பக்கமும் படித்து முடித்துவிட்டுத்தான் டப்பாவில் கொட்டுவாள். எஸ்டேட்டில் துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். கனி பிறந்ததும் வேலையை விட்டாள். மடியில் பிள்ளை பால் குடிக்கும், தலைமாட்டில் புத்தகம் திறந்திருக்கும். பக்கம் திருப்பக் கை இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடுவாள். நானும் போய்த் திருப்பிவிட்டுத் திட்டிவிட்டு வருவேன்.

எழுத ஆரம்பித்தது கனியின் தலைமுடியால். அந்தப் பெண்ணுக்கு அடர்த்தியான முடி, வார உட்காரச் சொன்னால் ஓடும். ஓடாமல் இருக்க ஜீவா கதை சொன்னாள். இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி முடிக்கிற நேரம் ஒரு அத்தியாயம். கனி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் அது நல்ல அத்தியாயம். கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போனால் அன்றைய கதை தேறவில்லை என்று அர்த்தம், அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள்.

பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டரை வரை எழுத்து. போனில் எழுத அவளுக்குப் பிடிக்காது, நடுவில் யாராவது கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்கள் என்பாள். வருஷக் கடைசியில் கனியின் நோட்டுகளில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாளில்தான் எழுதுவாள். வெளியே 'கணக்கு, நான்காம் வகுப்பு' என்று லேபிள் இருக்கும். உள்ளே பத்துப் பக்கம் வகுத்தல், அதற்கப்புறம் ஆமை பறக்கும்.

அந்த இரண்டரை மணி நேரம் வீட்டை யார் பார்த்தது? நான்தான். கேஸ்காரன், தண்ணி லாரி, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வரும் போன், எல்லாம் எனக்கு. கனி காலை டிபனே என் வீட்டில்தான். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், குழந்தை இல்லை. வைத்தியம் பார்த்தோம், ஒரு கட்டத்தில் போதும் என்று விட்டுவிட்டோம். கனிக்கு நான் பெரியம்மா.

போன வருஷம் ஒரு பதிப்பகத்தார் அவள் நாவலின் முதல் பாதியைப் படித்துவிட்டுப் புத்தகமாகப் போடுகிறோம் என்றார்கள். மீதிப் பாதி பொங்கல் கழிந்ததும் வேண்டும் என்றார்கள். மீதி நான்கு நோட்டில் இருந்தது. வேறு நகல் கிடையாது. பொங்கலுக்கு முன்னால் டைப் அடிக்கக் கொடுப்பதாக இருந்தாள்.

போகிக்கு நான்கு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலை, கனி என்னிடம் இட்லி தின்றுகொண்டே சொன்னாள். "பெரியம்மா, அம்மா கதைல புச்சா ஒரு பூதம் வந்துகீது. ஏழு கை. எப்பப் பாத்தாலும் கத்திகினே கீது. அது நீதான்னு நெனைக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்காக நான் மாடாக உழைப்பது, இவள் என்னைப் பூதமாக்குவதா? அன்றைக்கென்று ஜீவா அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போகிக்கு வீடு ஒழிக்க ஆரம்பித்தேன். என் வீட்டை ஒழித்தேன், மாடிப்படி ஒழித்தேன், மாடிப்படிக்கு மேலே பரணில் இருந்ததையும் ஒழித்தேன். பழைய பேப்பர் எடுக்கும் பச்சையப்பன் மூன்று சக்கர வண்டியோடு வாசலில் நின்றான். பழைய நோட்டையெல்லாம் வாரிப் போட்டேன். பதிலுக்கு ஒரு நீலக் கலர் பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்தான். தெரிந்தா போட்டாய் என்று கேட்டால், இல்லை. பிரித்துப் பார்த்திருக்கலாம். கோபத்தில் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜீவா பரணில் கை விட்டுத் துழாவினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தாள். பிறகு கீழே வந்தாள்.

"யக்கா, பரண்ல நாலு நோட்டு வெச்சிருந்தேனே, பாத்தியா?"

"பழைய நோட்டுதான? பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தேற்றிக்கொண்டிருப்பேன். அப்படியே என் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அந்த நீலப் பக்கெட்டைப் பார்த்தாள். "ரெண்டு வருசம்க்கா" என்றாள், அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பச்சையப்பனைத் தேடிப் பிடிக்க மத்தியானம் ஆனது. "நோட்டா? ரூல் போட்ட தாளு நல்லா கீதுன்னு சுலைமான் பாய் வாங்கிகினாரே" என்றான். சுலைமான் பாய் ஏரிக்கரையில் சாயங்காலம் வண்டி போட்டு மணலில் கடலை வறுக்கிறவர். தாளைக் கிழித்துக் கூம்பு சுற்றி அதில் கடலை போட்டுத் தருவார்.

நான் போனபோது அவர் அப்போதுதான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வண்டிக்கு அடியிலிருந்து மூன்று நோட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"ஒரு நோட்டு கிழிச்சாச்சும்மா. சனி, ஞாயிறு ரெண்டு நாள் யாவாரம். நேத்து கடைசியா கிழிக்கறப்ப சும்மா ஒரு பக்கம் படிச்சேன். ஏழு கைக்காரி ஏரில எறங்குறா. அப்பால இன்னா ஆச்சின்னு தெரியாம மத்தத கிழிக்க மனசு வர்ல" என்றார். "அவ மேல வருவாளா?"

"பாய், நானே அதுக்குத்தான் அல்லாடிகினு கீறேன்" என்றேன்.

கிழிந்தது நாற்பது தாள். ஆனால் ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்கள் தினம் வருகிற அதே முகங்கள்தான். வண்டிப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். வருகிற ஒவ்வொருவரையும் மறித்து, "சனிக்கெழம கடல வாங்குனீங்களா, தாள இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன். இரண்டு பேர் என்னைப் பார்த்துப் பயந்து சாலையைக் கடந்து போனார்கள். பாய் தன் பங்குக்கு, தாள் கொண்டுவந்தால் கடலை சும்மா என்று சொல்லிவிட்டார்.

பிறகு நடந்ததை நானே நம்பவில்லை. ரிட்டையர்டு வாத்தியார் சம்பந்தம் வந்து, "என்னிடம் மூன்று தாள் இருக்கிறது, ஆனால் ஆமையின் சிறகு எப்படிப் போனது என்று சொன்னால்தான் தருவேன்" என்று அடம்பிடித்தார். எண்ணெய்க் கறையோடு பத்திரமாக டைரிக்குள் வைத்திருந்தார். அடுக்குமாடியில் இருக்கும் ஐ.டி. கம்பெனிப் பையன் வெற்றிச்செல்வன், ஊர் திருநெல்வேலிப் பக்கம், போனை நீட்டினான். "அக்கா, எங்க ஃபிளாட் குரூப்புல இதுதான் ரெண்டு நாளா ஓடுது. யார்கிட்ட அடுத்த பக்கம் இருக்குன்னு எல்லாரும் போட்டோ போடுதாங்க. தாள் கையில இல்லாதவங்க எடுத்து வெச்ச போட்டோவும் இதுல இருக்கு, பாருங்க."

தாள் பதினெட்டு கையில் வந்தது, போட்டோவாக இருபத்தொன்று. ஒன்றுதான் பாக்கி. மூன்றாம் நாள் சாயங்காலம் அதையும் நானே கண்டுபிடித்தேன். கரையில் சிமெண்ட் பெஞ்சுக்குக் கீழே, கசங்கி, பாதி ஈரமாகக் கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து நீவி விரித்தேன். அதுவரை அவள் எழுத்தில் ஒரு வரி நான் படித்தவள் இல்லை.

அது ஏழு கைக்காரியின் பக்கம். ஒரு சின்னப் பெண் அவளிடம், உனக்கு எதற்கு ஏழு கை என்று கேட்கிறாள். அவள் சொல்கிறாள்: 'பிள்ளையைத் தூக்க இரண்டு கை போதும். பிள்ளையையே கொடுக்காதவன் ஏழு கையை எதற்குக் கொடுத்தான் என்று எனக்கும் தெரியவில்லை.' சொல்லிவிட்டுக் கத்துகிறாள். ஏரித் தண்ணீர் கரை ஏறுகிற அளவுக்குக் கத்துகிறாள். ஏன் கத்துகிறாள் என்றால், அழுகிற சத்தம் அந்தப் பெண்ணுக்குக் கேட்கக் கூடாதாம்.

பதினாறு வருஷமாக என் வீட்டுக்காரருக்கே தெரியாத விஷயம் இது. மாடியில் புத்தகமும் கையுமாக, குழம்பு தீய்வதுகூடத் தெரியாமல் இருக்கிற இவளுக்கு எப்படித் தெரிந்தது? ஏரிக்கரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அந்தத் தாளை நான்காக மடித்து என் பர்சில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, முப்பத்தொன்பதுதான் கிடைத்தது, ஒன்று போய்விட்டது என்று ஜீவாவிடம் சொன்னேன். பொய்தான். அது என் பக்கம், எனக்கே வேண்டும் என்று தோன்றியது.

"ஒண்ணுதான? எழுதிக்கலாம்க்கா" என்றாள். மூன்று நாளில் அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மாடியில் உட்காராமல் என் சமையல்கட்டுக்கு நோட்டோடு வந்தாள். நான் பொங்கலுக்கு வெல்லம் நசுக்கிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, காணாமப் போன பக்கத்துல ஏழு கைக்காரியாண்ட ஒரு பொண்ணு கேக்கும், உனக்கு எதுக்கு ஏழு கைன்னு. நான் எழுதுன பதிலு எனக்கே புடிக்கல. நீ சொல்லு. அவ இன்னா சொல்லுவா?"

கையிலிருந்த வெல்லத்தைத் தட்டில் போட்டேன். பிறகு சொன்னேன்.

"ஒரு கை இட்லி ஊட்டறதுக்கு. ஒரு கை ஜொரம் வந்தா நெத்தியத் தொட்டுப் பாக்கறதுக்கு. ஒரு கை கேஸ்காரனுக்குக் கதவு தொறக்க. ஒண்ணு, அவ அம்மாக்காரி எழுதறப்ப எவனும் மேல போவாம படியில குறுக்க வெக்க. அம்மா ஊருக்குப் போயிட்டா ரெட்டப் பின்னல் போடணும்ல, அதுக்கு ரெண்டு."

ஜீவா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள். "ஆறு ஆச்சு. ஏழாவது?"

"ஏழாவது கைதான் நோட்டத் தூக்கி பேப்பர்காரனுக்குப் போட்டுச்சி. அத வெட்டிப் போடச் சொல்லு."

அவள் சிரித்தாள். "வெட்டறதாவது. நாப்பது தாள மூணு நாளு ஏரிக்கரைல நின்னு திருப்பிக் கொண்டாந்தது அந்தக் கைதான?"

"முப்பத்தொம்போது" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான்காவது படியில் நின்று திரும்பினாள்.

"பழைய பக்கத்த நீயே வெச்சிக்கோக்கா."

"எந்தப் பக்கம்?"

"நேத்து ஏரிக்கரைலேர்ந்து கண்ணு செவந்து வந்தியே, அந்தப் பக்கம். மத்த முப்பத்தொம்போது பக்கத்துல நீ அழறாப்ல நான் எதுவும் எழுதலியே."

அவளைப் பார்த்துக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.