ஒன்பதாவது அரக்குக் கோடு

ஒன்பது கிரிக்கெட் தொடர்கள் நாங்கள் நாலு பேரும் போட்டி போட்டோம். ஒன்பதிலும் ஜெயித்தவன் நான். எழுபத்தெட்டு வயதிலும் இதை எழுதும்போது நெஞ்சு நிமிர்கிறது.

மைதானத்தில் இறங்கி ஆடிய ஆட்டமல்ல, தாளில் ஆடியது. அறுபதுகளின் நடுவில் தொடங்கிப் பத்து வருஷம் போல நடந்தது. டெஸ்ட் தொடருக்கு முந்தைய அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறிகள் ஓய்ந்திருக்கும். அன்றைக்கு என் நெசவாளி நண்பன் வீட்டில் கூடுவோம். அவன் ஒருவன், சரிகை விற்ற தெலுங்குக்காரன் ஒருவன், வாலாஜாபாத் ரைஸ் மில்லில் இருந்த இன்னொருவன், பள்ளிக்கூட வாத்தியாரான நான். இரண்டு நாட்டு ஆட்டக்காரர்களில் ஆளுக்கு ஐந்து பேரை முறைவைத்து எடுப்போம். அவர்கள் அடிக்கும் ரன்னுக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு இருபது.

சேலைக் கரைக்கு டிசைன் போடும் கட்டத்தாளில் நண்பன் புள்ளிகளை வண்ணக் கோடுகளாக ஏற்றுவான். பத்துப் புள்ளிக்கு ஒரு கட்டம். எனக்கு அரக்கு, அவனுக்கு மாம்பழ மஞ்சள். ஒவ்வொரு தொடரிலும் அரக்குக் கோடுதான் நீளம்.

மற்றவர்கள் பெரிய பெயர்களுக்கு அடித்துக்கொள்வார்கள். நான் ஏழாவதாக இறங்கி நாற்பது ரன் அடித்து, பந்தும் போடுகிறவனை எடுப்பேன். "இன்னா வாத்தியாரே, இவனெல்லாம் ஒரு ஆளா?" என்று சரிகைக்காரன் சிரிப்பான். தொடர் முடியும்போது சிரிக்க மாட்டான். ஆங்கிலப் பேப்பரின் ஸ்கோர் அட்டைகளை வருஷக்கணக்கில் வெட்டி ஒட்டிப் படித்தவன் நான். அந்த வெற்றிகள் என் உழைப்பு.

ஜெயித்தவனைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் திருப்பருத்திக்குன்றம் வரை மிதித்துப் போய் வர வேண்டியவன், இரண்டாவதாக வந்தவன். பெரும்பாலும் அது நெசவாளி நண்பன்தான். "ஒரே ஒரு தடவ நீ மிதி, நான் பின்னாடி ராஜா மாதிரி குந்திக்கினு வரணும். அது போதும்பா" என்பான்.

ஒன்பதாவது தொடருக்குச் சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு அவனுக்கு விழுந்தது. அயல்நாட்டு அணியின் வேகப்பந்து வீச்சாளன்மேல் எல்லோருக்கும் கண். நண்பன் என்னைப் பார்த்தான்.

"வாத்தியாரே, அவன் நல்லா இருக்கானா? பேப்பர்ல ஏதாச்சும் போட்டிருக்குதா?"

போட்டிருந்தது. அன்று காலைப் பேப்பரின் அடி மூலையில் நாலு வரி. வலைப் பயிற்சியில் கணுக்கால் பிசகி, அவன் ஊர் திரும்புகிறான் என்று. எங்கள் நால்வரில் ஆங்கிலப் பேப்பர் படிக்கிறவன் நான் மட்டும்.

"ஒண்ணும் போடலயே" என்றேன்.

மறுநாள் ரேடியோவில் சேதி வந்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆளை மாற்றிக்கொள்ளட்டும் என்றான் மில்காரன். நண்பனே மறுத்தான். எடுத்த ஆளை மாற்றக் கூடாது என்ற விதியைப் போட்டவன் அவன்தான். "தறியில பாவு நூலப் பிணைச்சப்புறம் நிறம் மாத்துவாங்களா? என் நேரம், அவ்ளோதான்."

மீதி நாலு பேரை வைத்துக்கொண்டே கடைசி டெஸ்ட் வரை அவன் என்னை விரட்டினான். ஐந்தே கட்ட வித்தியாசத்தில் ஜெயித்தேன். வேர்க்க வேர்க்க அவன் மிதித்தான். பின்னால் உட்கார்ந்து வந்த எனக்கு, அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை. அடுத்த தொடருக்கு வேலை அதிகம் என்று சாக்குச் சொன்னேன். ஆட்டம் அத்தோடு நின்றது.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் நட்பு போய்விடும் என்ற பயமல்ல. ஒன்பதாவதைச் சொன்னால், நேர்மையாக ஜெயித்த எட்டையும் யாரும் நம்ப மாட்டார்களே என்ற பயம்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். பழைய கட்டத்தாளை எடுத்து மருமகனிடம் விரித்தான். "ஒம்போது தடவ. இந்த ஆள ஒருத்தனால அசைக்க முடியல, தெரியுமா?" தானே ஜெயித்தவன் போல அவனுக்கு அத்தனை பெருமை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்தான். ஒன்பதாவது அரக்குக் கோட்டின் மேல் விரலை வைத்திருந்தான்.

"வாத்தியாரு பொய் சொல்லமாட்டான்னு நம்பித்தான் கேட்டேன்."

"தெரியும். மத்த எட்டும் சத்தியமா என் மூளைதான்."

"அத யாரு கேட்டா? அது எனக்குத் தெரியாதா?"

எழுந்து மருமகனின் சைக்கிளைக் காட்டினான். "எடு."

என் முழங்காலுக்கு மிதிக்க வராது. அவனைக் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. முனைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. நின்றேன்.

"இன்னா நின்னுட்ட?" பின்னாலிருந்து குரல் வந்தது. "திருப்பருத்திக்குன்றம் இன்னும் தூரம் இருக்குது. தள்ளு."

தள்ளினேன்.