எல்லைக்குள் நின்ற வடிவம்மா

வடிவம்மா பகல் சாப்பாட்டை நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். கண்டியில் அந்தத் தட்டச்சு வகுப்புக்கு வந்த பெண்கள் எல்லாரும் வாங்கில் உட்கார்ந்து பார்சலை அவிழ்ப்பார்கள். அவள் மட்டும் சாமான் அறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று, ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருப்பாள்.

"தேயிலை மலையில நின்னு நின்னு இவளுக்கு உக்காரவே மறந்துபோச்சு" என்று கேலி செய்வார்கள்.

"உக்காந்து தின்னா எனக்குச் செமிக்காது" என்பாள் அவள்.

அந்த அறைக்குள்ளேதான் கூடப் படித்த ருக்கியா பகல் தொழுகையான ளுஹரைத் தொழுவாள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தான் தொழும்போது யாரும் உள்ளே வராதது ஆண்டவன் செயல் என்றே அவள் நினைத்திருந்தாள். ஒருநாள் தொழுகை சீக்கிரம் முடிந்து கதவை உள்பக்கம் இழுத்தபோது, சாய்ந்து நின்ற வடிவம்மா மல்லாக்க அவள் மேலேயே வந்து விழுந்தாள். கையில் ரொட்டி அப்படியே இருந்தது.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆண்டவன் செயலுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது என்று ருக்கியாவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அன்று பிடித்த சிநேகம்.

எழுபத்து நாலாம் வருஷம். பஞ்ச காலம். பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசை. வகுப்பை ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு, மூடினார்கள். திறக்கிற கிழமையின் புதன்கிழமை பரீட்சை. வசதியுள்ள பிள்ளைகள் வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் புறப்பட்டார்கள். பங்குக் காசு கேட்டதும் இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாக வெளியே வந்து வாவிக்கரைச் சுவரில் உட்கார்ந்தார்கள்.

"அம்பிட்டிய மலைக்கு நடந்து போவமா?" என்றாள் ருக்கியா. "அங்கிருந்து பாத்தா கண்டி முழுக்கத் தெரியுமாம்."

"கண்டியத்தான் தெனம் பாக்குறோமே. அத ஒசரத்துல ஏறி நின்னு வேற பாக்கணுமாக்கும்?"

"அப்ப திருகோணமலை. கடல் பாக்கலாம்."

"ரயிலுக்கு? ஒங் காதுல கெடக்குறதக் கழட்டி விக்கலாமா?"

சிரித்தார்கள். பிறகு வடிவம்மா பகிடிபோல, விளையாட்டாகச் சொன்னாள்: "எங்க தோட்டத்துக்கு வர்றியா? காசு குடுத்து யாரும் பாக்க வராத எடம். மலை இருக்கு, மேகம் இருக்கு, அருவி இருக்கு. அட்டை கடிக்கும், அதுக்கும் காசில்ல."

சொன்ன பிறகு அவளுக்கு வெட்கமாகிவிட்டது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்குக் கூட்டாளியை அழைத்து அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் ருக்கியாவின் கண் விரிந்துவிட்டது. அவள் வாப்பா ஜவாஹிர், பன்வில பக்கத்துத் தோட்டங்களுக்குத் துணிப்பொட்டலம் சுமந்து விற்கிறவர். அவர் வாயால் அவள் கேட்டே வளர்ந்த மலைகள் அவை. பஸ் காசும் ஒரு பைக்கற் பிஸ்கட்டும் இருந்தால் போதும்.

அலவத்துகொடை வீட்டில் வாப்பா யோசித்தார். "பாப்பம்மாட மகளா? நல்ல மனிசி. போ. ஆனா ஞாயித்துக்கிழமை மஃரிபுக்கு முந்தி, பொழுது படுறதுக்குள்ள, வாசல்ல ஈக்கோணும். ஒன்ன படிக்கப் போட வாணாம்னு பெரியவாப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஒரு நாள் பிந்தினாலும் நானே படிப்ப நிப்பாட்டுறேன்னு அவருக்கு வாக்குக் குடுத்தீக்கிறேன். வாப்பாட வாக்கக் காப்பாத்து."

அந்த விடுமுறைக் கிழமையின் கடைசியில், வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தார்கள். வடிவம்மாவின் தாய் பாப்பம்மா இதற்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தாள். "இதுல இதுக்கு முன்ன ஒண்ணும் ஆக்கல தாயி, தைரியமாச் சாப்புடு" என்று பருப்பையும் மரவள்ளிக்கிழங்கையும் போட்டாள். பின்னேரம் இருவரும் அருவிக்கு ஏறினார்கள். காலில் சவர்க்காரம் பூசியும் அட்டை விடவில்லை. மேகம் முகத்தில் வந்து மோதியபோது ருக்கியா சின்னப் பிள்ளைபோலக் கையை நீட்டிப் பிடித்தாள். இப்படி ஓரிடம் வேன் பிடித்துப் போனவர்களுக்குக் கிடைக்குமா!

அப்போதுதான் கீழே தப்பு மேளச் சத்தம் கேட்டது.

வடிவம்மாவின் முகம் மாறிற்று. "ஐயோ, இது காப்புக் கட்டுற அடில்ல?" என்றவள், பேச்சை விட்டுவிட்டு ருக்கியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரம் எல்லைக்குள் நின்ற எவரும், திருவிழா முடிந்து காப்பு அறுக்கும்வரை வெளியே இராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம்; இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். மேல்கணக்கும் கீழ்கணக்குமாக அந்தத் தோட்டம் இரண்டு பிரிவு. எப்போதும் மேல்கணக்கு முதலில் திருவிழா எடுக்கும். வடிவம்மாவின் கீழ்கணக்கு அடுத்த கிழமைதான். அந்தக் கணக்கை நம்பித்தான் வடிவம்மா கூட்டாளியை அழைத்தாள். பஞ்சத்தினால் இரண்டும் சேர்ந்து ஒரே திருவிழாவாக எடுக்கப் போகிற செய்தி, கண்டியில் தங்கிப் படித்த அவளுக்கு எட்டவில்லை. வந்த பிள்ளைகள் திருவிழா முடியும்வரை தங்குவார்கள் என்றே எண்ணிப் பாப்பம்மாவும் அதைச் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

எல்லை, ஓடையின் மேலுள்ள சின்னப் பாலம். அவர்கள் தேயிலைக்குள் சறுக்கி விழுந்து இறங்கி வருவதற்குள் குலவைச் சத்தம் எழுந்துவிட்டது. காப்புக் கட்டியாயிற்று.

கோயில் முன்னால் கூட்டம். வடிவம்மா நேரே தோட்டத் தலைவர் வீரய்யாவிடம் போனாள். "மாமா, இந்தப் புள்ள நாளன்னைக்கு வீட்டுக்குப் போகணும்."

"காப்புக் கட்டுன பொறகா? எட்டு நாளு கழிச்சுப் போகட்டும்."

"அது நம்ம சாமி கும்புடுற புள்ள இல்லையே, மாமா."

"அம்மா கண்ணுக்கு அதெல்லாமா தெரியும்? எல்லைக்குள்ள நின்னா அவ புள்ளைதான்."

இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற நல்லம்மாவின் குரல் உயர்ந்தது. "போன வருசம் ஒருத்தன் தாண்டிப் போனான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள லயம் பூராவும் அம்மை. மூத்தத நான் மண்ணுல வச்சேன். இதுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா எவகிட்டப் போயிக் கேக்குறது? வந்த புள்ளையா குடுக்கும்?"

அந்தத் தாயைப் பார்த்து ருக்கியாவால் கோபப்பட முடியவில்லை. வாப்பா வாசலில் நிற்பதும், பெரியவாப்பா தலையை ஆட்டுவதும் கண்ணுக்குள் வந்தது. இங்கே ஒரு பிள்ளையின் உயிர் என்கிறார்கள். அங்கே ஒரு தகப்பனின் வாக்கு. அல்லாஹ்வே, எதை மிதித்து எதைத் தாண்டுவது?

"எனக்குப் போகாட்டி ஏலா" என்றாள். "வாப்பாட வாக்கு ஈக்கு."

"இப்பயே பாலத்தைத் தாண்டி ஓடிரலாம்னு பாக்குறியா?" என்று யாரோ அதட்ட, இரண்டு பெண்கள் பாதையை மறித்தாற்போல நகர்ந்து நின்றார்கள்.

வடிவம்மா அம்மன் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பூசாரியின் தட்டிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தாள்.

"அவ போகட்டும் மாமா. கொறை எதுவும் வந்தா என் தலையில வரட்டும். நான் பூக்குழி எறங்குறேன்."

"ஏய், ஒம் பரிச்சை!" என்று பாப்பம்மா அலறினாள்.

வீரய்யா அவளை ஊன்றிப் பார்த்தார். "தீ மிதிக்கக் காப்புக் கட்டுனவ பகல்லகூடப் பாலத்தத் தாண்டப்படாது. தெரியும்ல?"

"தெரியும் மாமா."

மற்றவர்களைப்போல் இருந்திருந்தால் புதன்கிழமை விடியப் போய்ப் பரீட்சையை எழுதிவிட்டு, இருட்டுமுன் திரும்பியிருக்கலாம். அந்த வழியைத் தன் கையாலேயே அடைத்தாள்.

"வாணாம் வடிவு. எனக்காக வாணாம். நான் வாப்பாட்ட ஏச்சுக் கேக்குறேன்" என்று ருக்கியா அவள் தோளைப் பிடித்தாள்.

"ஏச்சோடயா நிப்பாட்டுவாரு? நீ சும்மா இருடி. நான் நிக்கிறேன், நீ போ."

வீரய்யா நல்லம்மாவைப் பார்த்தார். "என்னா சொல்ற? பெத்தவ நீ சொல்லு."

நல்லம்மா குழந்தையின் தலையைத் தடவினாள். பிறகு தானே முன்னால் வந்து, வடிவம்மாவின் மணிக்கட்டை நீட்டச் சொல்லிப் பூசாரிக்குக் காட்டினாள். முடிச்சு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாலம்வரை கூடவே வந்தாள் வடிவம்மா. பலகையில் கால் படாமல் இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். ருக்கியா மஃரிபுக்கு முன்னே வாசலில் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் வாப்பாவிடம் சொன்னாள். அடுத்த கிழமை சுற்றுக்குப் போய் வந்த அவரது பொட்டலத்தில் ஒரு மஞ்சள் சேலை குறைந்திருந்தது. "எங்க அது?" என்று உம்மா கேட்டதற்கு, "அது போக வேண்டிய எடத்துக்குப் போயிட்டு" என்று சொல்லி, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் போய்விட்டார்.

நல்லம்மாவின் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பூக்குழி எப்படிக் கழிந்ததென்று ருக்கியா கேட்கவுமில்லை, வடிவம்மா சொல்லவுமில்லை. பரீட்சையில் ருக்கியா தேறினாள். கண்டியில் ஒரு கடையில் தட்டச்சு வேலையும் கிடைத்தது. வடிவம்மா திரும்ப வகுப்புக்கு வரவில்லை. பரீட்சைக்கு மறுபடி காசு கட்ட வழியில்லாமல் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டாள். பெருநாளைக்குப் பெருநாள் ருக்கியா இனிப்பான வட்டிலப்பம் கொண்டு போவாள். "ஒன்னால வந்த வெனை" என்று ஒருநாளும் ஒரு சொல், ஒரு முகச்சுளிப்பு வடிவம்மாவிடம் கண்டதில்லை.

சில வருஷம் கழித்து, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி வடிவம்மாவின் குடும்பத்துக்கும் போகும்படி காகிதம் வந்தது. அவர்கள் பிறந்த மண் இதுதான், போகிற மண்ணை யாரும் பார்த்ததில்லை. கண்டி ஸ்டேஷனில், இந்தியக் கப்பலுக்கு ஆளேற்றும் தலைமன்னார் ரயில் நின்றது. மேடை முழுக்க ஒப்பாரி. பெட்டி சன்னலில் பாப்பம்மா தகரப்பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வடிவம்மா, அந்த மஞ்சள் சேலையில்.

ருக்கியா சன்னல் கம்பிக்குள் கையை விட்டு வடிவம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விசில் ஊதியது. வண்டி அசைந்தது. வடிவம்மா அழவில்லை. அந்தக் கையை மெதுவாகத் தன்னிடமிருந்து எடுத்து வெளியே விட்டாள்.

"அன்னைக்கி நீ தாண்டுறதுக்கு நான் நின்னேன்ல. இன்னைக்கி நான் தாண்டுறேன் ருக்கியா. நீ நின்னுக்க."